தண்ணிக்குக் கழித்தது போக

பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறும் பாதையில், பல்கலைக்கழகக் கட்டடங்கள் கண்ணைவிட்டு மறைந்த பிறகு எங்கள் லயம் வரும். தோட்டத்தின் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கு மலையில் என் சித்திக்குப் பேர் விழாது.

அங்கே போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அளவீட்டுக்காரர் ஒருவர் வந்தார். கையில் டெப், கழுத்தில் ஓர் அட்டை, காலில் இரண்டு அட்டை. எந்த அலுவலகம் அனுப்பியது என்பது முக்கியமில்லை. எங்கள் மேட்டு லயத்துக்கு அரசாங்கமும் வருகிறது, அரசு சாராதவர்களும் வருகிறார்கள், பட்டப்படிப்புப் பிள்ளைகளும் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். இவர் நல்ல தம்பி. அரைகுறைத் தமிழிலும் மரியாதையாகப் பேசினார். காலில் ஏறியிருந்த அட்டையைக்கூட நோகாமல் எடுத்து ஓரமாக விட்டார்.

"வீட்டுத் தலைவர் இருக்கா?"

"நான்தாங்க தம்பி" என்று அப்பா இஸ்தோப்புப் படியில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அம்மா என்ன வேலை?"

"அது வேலையிலருந்து நின்னு எட்டு வருசமாச்சு. இப்ப வீட்டுலதான் இருக்கு."

"போன கெழமை ஏதும் வேலை செஞ்சதா? ஒரு மணித்தியாலமாவது?"

"வயசானதுங்க தம்பி. அது என்னா வேலை செய்யப் போவுது."

இந்த உரையாடல் நடக்கும்போது அம்மா லயத்துக்குப் பின்னால் சாக்கை விரித்து மிளகு மிதித்துக்கொண்டிருந்தார். மரத்தில் ஏணி வைத்துப் பறித்ததும் அவர்தான். கதிரிலிருந்து மணி உதிரக் காலால் மிதித்து, புடைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளுவதும் அவர்தான். இடையில் தங்கச்சியின் பிள்ளை அழுதால் இடுப்புக்கு வரும். ஆள் வந்திருக்கிறது என்று கேட்டதும் மிளகை விட்டுவிட்டுக் காலைக் கழுவினார், அணைந்திருந்த அடுப்பை ஊதிப் பற்றவைத்தார், இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி ஊற்றினார், கித்துள் கருப்பட்டியில் ஒரு துண்டு உடைத்துத் தட்டில் வைத்தார். தம்பி அந்தத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, ஊற்றிக் கொடுத்த மனுஷியைப் 'பொருளாதார ரீதியாகச் செயலற்றவர்' என்ற பெட்டிக்குள் விரலால் தட்டி அனுப்பினார்.

அடுத்த கேள்வி, வேறு வருமானம் உண்டா. "மிளகு கொஞ்சம் விப்போம்" என்றார் அப்பா. யார் விற்பது? "நான்தான். வெள்ளிக்கெழமைல கலஹா டவுனுக்குக் கொண்டுபோவேன்." முடிந்தது கதை. முழங்கால் போய், படி இறங்கவே சுவரைப் பிடிக்கும் என் அப்பா, அந்த நிமிஷத்தில் சுயதொழில் செய்பவராகத் தேசத்தின் தொழிற்படைக்குள் கம்பீரமாக நுழைந்தார். பறித்தவர், மிதித்தவர், காயவைத்தவர் செயலற்றவர். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறியவர் உழைப்பாளி.

நானும் அன்றைக்கு லீவில் வந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பேனா பிடித்துப் பிழைக்கிறவன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. தேத்தண்ணி நன்றாக இருந்தது.

*

அந்த ஒரு மணித்தியாலக் கேள்வியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 1990 தொட்டுத் தொழிற்படை அளவீடு நடத்திவருகிறது. 15 வயது நிரம்பிய ஒருவர், கேட்கப்படும் கிழமையில் ஒரேயொரு மணித்தியாலம் கூலிக்கோ இலாபத்துக்கோ உழைத்திருந்தால் தொழில் உள்ளவர். கூலியில்லாமல் குடும்பத் தொழிலுக்குக் கை கொடுத்திருந்தாலும் அப்படித்தான். இது இலங்கை அதிகாரிகள் இருட்டில் உட்கார்ந்து செய்த சூழ்ச்சி இல்லை. சர்வதேச தொழில் தாபனத்தின் வரையறை. உலகம் பூராவும் இதே படிதான். அதனால் நாங்கள் உலகத் தரத்தில் ஏமாற்றப்படுகிறோம் என்று பெருமைப்படலாம்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பையன் கிழமை முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு நின்று, சனிக்கிழமை ஒரு லொறி வெங்காயம் இறக்குகிறான். ஒரு மணித்தியாலம். அவனுக்குத் தொழில் இருக்கிறது. மற்ற ஆறு நாளும் அவன் எதைத் தின்றான் என்பது வேறு அளவீட்டில் வேறு பக்கத்தில் வரும். அங்கே அவனும் சராசரிக்குள் கரைந்துபோயிருப்பான்.

2022 ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவைத்துவிட்டு ரோட்டோரத்தில் படுத்துக் கிடந்த சனம். ஆட்டோக்கள் இரண்டு நாள் எரிபொருள் வரிசை, அரை நாள் ஓட்டம் என்று கிடந்தன. டொலர் இல்லாமல் நாடு வங்குரோத்து என்று அறிவித்த வருஷம். அந்த வருஷம் வேலையின்மை என்ன ஆகியிருக்க வேண்டும்? 2021ல் 5.1 வீதமாக இருந்தது, 2022ல் 4.7 வீதமாகக் குறைந்தது. நாடு கவிழ்ந்த வருஷத்தில் வேலையில்லாதவர்கள் குறைந்துவிட்டார்கள்! கணக்கில் பிழையே கிடையாது. வேலையில்லாதவர் என்று பதிய வேண்டுமானால் வேலை தேடியிருக்க வேண்டும். வேலை தேடப் போக பஸ்ஸுக்குக் காசு வேண்டும். காசில்லாமல் வீட்டில் இருந்தவர் வேலையில்லாதவர் இல்லை, அவரும் செயலற்றவர். அடுத்த வீட்டுக்காரருக்காகக் காசு வாங்கிக்கொண்டு கேஸ் வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்றவர் தொழில் உள்ளவர். தன் வீட்டு அடுப்புக்காக இரண்டு ராத்திரி நின்ற பெண் செயலற்றவர்.

*

2013 அக்டோபரில் ஜெனீவாவில் தொழிற் புள்ளிவிபரவியலாளர்களின் 19ஆவது சர்வதேச மாநாடு கூடியது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: வீட்டுக்குள் நடப்பதும் வேலைதான் என்று எழுத்தில் ஒத்துக்கொண்டார்கள். சமைப்பது, பிள்ளை பார்ப்பது, தண்ணீர் சுமப்பது, சொந்தச் சாப்பாட்டுக்குப் பயிர் வைப்பது எல்லாமே வேலை. கைதட்டலாம் என்று கையைத் தூக்குவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. இவையெல்லாம் வேலை, ஆனால் தொழில் இல்லை. கூலியோ இலாபமோ நோக்கமாக இருந்தால்தான் தொழில். தன் வீட்டுச் சட்டிக்காகப் பயிர் வைப்பவர், முன்பு விவசாயி என்று எண்ணப்பட்டிருந்தாலும், இந்தப் புதிய கணக்கில் தொழிற்படைக்கு வெளியே.

கொள்கையளவில் இதற்கு நல்ல காரணங்கள் சொல்வார்கள். கூலி வேலை எவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியுமாம். வீட்டு வேலையைத் தனியே அளப்போமாம். நல்லது, தனியே அளந்தார்கள். 2017ல் இங்கே நேரப் பயன்பாட்டு அளவீடு ஒன்று நடந்தது. யார் எத்தனை மணிக்கு எழும்பினார், எத்தனை நிமிஷம் அடுப்படியில், எத்தனை நிமிஷம் டீவி முன்னால் என்று எழுதிப் புத்தகமாகவும் போட்டார்கள். தொழிற்படைக் கணக்கு காலாண்டுக்கு ஒருமுறை பத்திரிகையின் முதல் பக்கத்துக்கு வருகிறது. நேரக் கணக்கு அலுமாரிக்குப் போனது. முறைப்படி பாகப்பிரிவினை நடந்தது என்று வையுங்கள். ஒருவனுக்கு வயல், மற்றவனுக்கு வயலின் படம்.

கண்டி வீட்டுத்தோட்டம் உலகப் பிரசித்தி. உயரத்தில் பலாவும் கித்துளும், அதற்குக் கீழே கமுகும் சாதிக்காயும் கராம்பும், அதற்குக் கீழே கோப்பி, மரத்தில் சுற்றிய மிளகு, தரையில் இஞ்சி, மஞ்சள், கிழங்கு. காட்டையும் தோட்டத்தையும் ஒன்றாகக் கட்டிய இந்த அற்புதத்தைப் பற்றி வேளாண் காட்டியல் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கட்டுரை எழுதிவருகிறார்கள். ஒரு காணியில் எத்தனை இன மரம், மண்ணில் எவ்வளவு கரிமம், எத்தனை வகைப் பறவை, எல்லாம் எண்ணப்பட்டிருக்கின்றன. உடுநுவரையிலோ யட்டிநுவரையிலோ அந்தத் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். குனிந்துகொண்டிருப்பது ஒரு சிங்கள ஆச்சியாக இருப்பார். கராம்புக்குக் காம்பு கிள்ளுவார், சாதிக்காயைப் பிரிப்பார், கோழிக்குத் தீன் போடுவார், நாளைக்கறிக்குப் பொலொஸ் பார்த்து வைப்பார். பறவையை எண்ணிய விஞ்ஞானம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. அக்குறணையில் கதவுக்குப் பின்னாலிருந்து உருப்படிக் கணக்கில் தையல் தைக்கும் முஸ்லிம் சகோதரிக்கும் இதே கதி. அவரிடம் கேட்கவே மாட்டார்கள், வாசலில் நிற்கும் மகனிடம்தான் கேட்பார்கள். மகன் என்ன சொல்வான் என்று நான் எழுதத் தேவையில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று இனமும் முழுச் சமத்துவத்துடன் வாழ்கின்றன.

*

அக்குறணை என்றதும் இன்னொன்று. அது கிராமம். சிரிக்க வேண்டாம், உத்தியோகபூர்வமாகக் கிராமம். மாத்தளை வீதியில் கடைக்குமேல் கடை, வாகனத்துக்குப் பின்னால் வாகனம், மழை பெய்தால் கடைக்குள் வெள்ளம். இருந்தாலும் புள்ளிவிபரத்தில் கிராமம்தான், ஏனென்றால் அங்கே இருப்பது பிரதேச சபை. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால் நகரம்; மற்றதெல்லாம் கிராமம். 1987ல் பட்டின சபைகளைக் கலைத்துப் பிரதேச சபைகளுக்குள் கரைத்தபோது எத்தனையோ பட்டினங்கள் ஓர் இரவில் கிராமமாகின. ஒரு கடையும் நகரவில்லை, ஒரு நெல்லும் முளைக்கவில்லை. பிலிமத்தலாவையும் திகனையும் குண்டசாலையும் இப்படித்தான் கிராமங்கள். 2012 குடிசனமதிப்பில் நகர மக்கள் 18.2 வீதம்தான் என்று வந்ததன் இரகசியம் இதிலும் இருக்கிறது. ஆகவே 'கிராமிய வேலைவாய்ப்பு' என்று ஓர் அறிக்கை பேசும்போது, அக்குறணையில் கைத்தொலைபேசி விற்பவரும் யட்டிநுவரையில் வரம்பு வெட்டுபவரும் ஒரே சராசரிக்குள் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

எங்களுக்கு அந்தக் கிராமமும் இல்லை. நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்று இலங்கைக்கு மூன்று துறை. 20 ஏக்கருக்குக் குறையாத காணி, அதில் குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் என்றால் அது பெருந்தோட்டத் துறை. மனிதர் வாழும் ஊருக்கு, ஏக்கரையும் கூலியாட்களையும் வைத்து வரைவிலக்கணம் எழுதிய நாடு இது. மாட்டுப் பட்டிக்கும் இப்படித்தான் எழுதுவார்கள்.

தனித் துறையாக எண்ணுவதில் நன்மை இல்லாமலில்லை. 2019ல் நாட்டின் வறுமை 14.3 வீதம், பெருந்தோட்டத்தில் 33.8 வீதம் என்று பிரித்துக் காட்டியது அந்தத் துறைக் கணக்குதான். ஆனால் பிரித்துக் காட்டிய பிறகு என்ன செய்தார்கள்? பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைச் சாட்டி, தோட்டத்துக்குள் ஒரு கல் போடவும் சபைகள் தயங்கிக்கொண்டிருந்தன. 2018ல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது வருஷமாகக் கிராமத்துக்கு வந்த ரோடு தோட்ட எல்லையில் நின்றது, 'இது கிராமமில்லை' என்று. புள்ளிவிபரத்தில் நாங்கள் தனி நெடுவரிசை. நிதி ஒதுக்கும்போது அந்த நெடுவரிசையை மட்டும் அச்சில் காணோம்.

*

சில பெரிய மனிதர்கள் சொல்வார்கள்: "என்ன செய்வது, கிராமத்து உழைப்பை அளப்பது கஷ்டம். ஒழுங்கற்றது, பருவத்துக்குப் பருவம் மாறும், கணக்கில் சிக்காது."

அப்படியா? கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வாருங்கள்.

காலையில் பெரட்டு. யார் எந்த மலை, யார் எந்த நிரை என்று அப்போதே பிரித்தாயிற்று. கூடையைத் தலையில் கட்டி, படங்கைச் சுற்றி ஏறியவர் நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுக்க வருவார். தராசில் தொங்கும்போது கிலோ வரும். அதிலிருந்து கூடைக்குக் கழிவு, தண்ணிக்குக் கழிவு, முற்றல் இலைக்குக் கழிவு. கழித்த பிறகு மிஞ்சுவது தோட்டம் வைத்திருக்கும் அளவை எட்டினால் முழுப் பேர்; அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் 16, 18, 20 என்று மாறும். ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். பேர் என்றால் அந்த நாளைக்கு அவர் உழைத்தார் என்று செக்ரோலில் விழும் ஒரு பதிவு. எட்டு மணித்தியாலம் மலையில் நின்றவர் பாதி ஆளாக இறங்கி வரலாம். ஒரு மணித்தியாலம் உழைத்தவரை முழுத் தொழிலாளி ஆக்கும் அதே நாட்டில், எட்டு மணித்தியாலம் உழைத்தவர் அரை ஆள். இரண்டு கணக்கும் ஒரே அரசாங்கத்தின் கண்முன்னால்தான் நடக்கிறது. வேலையின்மையைக் குறைத்துக் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு மணித்தியாலம் போதும். சம்பளம் கொடுக்க வேண்டிய இடத்தில் நாள் முழுவதும் போதாது.

இருநூறு வருஷமாக இந்த மலைகளில் எண்ணாமல் விட்டது எதுவுமில்லை. 1867ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டார், அதற்கு முந்திய கோப்பிக் காலத்திலிருந்தே கங்காணியின் கையில் கடன் கணக்கு இருந்தது. யாருடைய தாத்தா எத்தனை ரூபாய் முற்பணத்துக்கு எழுதிக் கொடுத்தார், அவர் செத்த பிறகு அது யார் தலையில் விழுந்தது என்று சதம் பிசகாமல் இருந்தது. 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமா அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்தபோது, நாடற்றிருந்த எங்கள் சனத்தில் 975,000 மனிதர்களை எவ்வளவு துல்லியமாகப் பங்கிட்டார்கள்: 525,000 இந்தியாவுக்கு, 300,000 இங்கே, மிச்சம் 150,000 பிறகு பார்ப்போம். 1974ல் அதையும் பாதிப் பாதியாக வெட்டினார்கள், ஆளுக்கு 75,000. தேயிலைப் பெட்டிக்குக்கூட இவ்வளவு நேர்த்தியாகக் கணக்கு முடிக்கமாட்டார்கள். என் பெரியம்மா ஒப்பாரிக் கோச்சியில் ஏறித் தலைமன்னாருக்குப் போய், கடல் தாண்டி, கூடலூரில் மறுபடி கொழுந்துக் கூடைக்கே போய்ச் சேர்ந்தார். வயதாகி வேலையை விட்டு, விறகு பொறுக்கிக் கீரை பறித்து வாழ்ந்த காலத்தில் இந்தியாவின் தேசிய மாதிரி அளவீட்டில் அவருக்கென்று ஒரு எண் இருந்தது: 93. வீட்டு வேலையோடு விறகு, கீரை, தீவனம் முதலியவற்றை 'இலவசமாகச் சேகரிப்பவர்'. அதுவுமில்லாமல் வீட்டு வேலை மட்டும் என்றால் 92. இலவசம்! காட்டுக்காரன் கண்ணில் படாமல் தலைச்சுமையாக நாலு மைல் நடப்பதன் பேர் இலவசம்.

ஆகவே அளக்கத் தெரியாது என்ற கதையை எங்களிடம் சொல்லாதீர்கள். கழிப்பதற்கு, நாடு கடத்துவதற்கு, கடன் ஏற்றுவதற்கு உங்களுடைய தராசு கிராம் வரைக்கும் சரியாகக் காட்டியிருக்கிறது.

*

இப்போது புதுசாக ஒன்று வந்திருக்கிறது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆக வேண்டும் என்று 2015 தொட்டுக் கத்தி 2021ல் வர்த்தமானி வந்தது. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதியே 1,700 என்று அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. அதே வருஷம் செப்டம்பரில் 1,350ல் வந்து நின்றது. இந்தச் சம்பள இழுபறி வருஷங்களுக்குள் சில கம்பனிகளுக்கு ஓர் அருமையான யோசனை பிடித்துப்போனது. தொழிலாளிக்கு எதற்குச் சம்பளம்? ஆயிரம் இரண்டாயிரம் தேயிலைச் செடியை ஒரு குடும்பத்திடம் பிரித்துக் கொடுங்கள். அவர்களே புல் வெட்டட்டும், உரம் போடட்டும், கொழுந்து எடுக்கட்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுவோம். பேர் என்ன? வருமானப் பகிர்வு, வெளிவாரி உற்பத்தி முறை. கேட்பதற்கு வேலைக்காரரைப் பங்காளி ஆக்குவது மாதிரி இருக்கும்.

இதை அளவீட்டு டெப்பில் போட்டுப் பாருங்கள், ஓர் அதிசயம் நடக்கும். நேற்றுவரை ஊழியராக இருந்த பெண் இன்று சுயதொழில் செய்பவர். கூடவே மலைக்கு வரும் மாமியார், பள்ளிக்கூடம் விட்டு வரும் பதினாறு வயதுப் பையன், பகுதிநேரமாகக் கவ்வாத்து வெட்டும் புருஷன் எல்லோரும் 'பங்களிக்கும் குடும்ப உழைப்பாளர்'. ஒரு பேருக்கு இருந்த இடத்தில் நான்கு பேருக்குத் தொழில்! அறிக்கை எழுதுகிறவருக்குக் கை அரிக்கும்: பெருந்தோட்டத்தில் தொழில்முனைவு வளர்கிறது என்று. ஊழியர் சேமலாப நிதி எங்கே, நம்பிக்கை நிதி எங்கே, பிரசவ லீவு எங்கே என்று கேட்டால், தொழில்முனைவோருக்கு அதெல்லாம் யார் கொடுப்பார்? அந்தப் பெட்டி மாறியபோது செடி மாறவில்லை, மலை மாறவில்லை, கூடை மாறவில்லை. கம்பனியின் செலவு மட்டும் மாறியது.

*

இதெல்லாம் தெரியாமல் நடப்பதுமில்லை. தன்சானியாவில் ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரே நாட்டு மக்களிடம் ஒரு பிரிவினருக்குச் சுருக்கமான வினாக்கொத்து, மற்றவர்களுக்கு விரிவானது. சிலரிடம் நேரில், சிலரைப் பற்றி வீட்டிலுள்ள இன்னொருவரிடம். சுருக்கிக் கேட்டபோது உழைக்கும் பெண்களின் வீதம் குறைந்தது. ஆளைக் கேட்காமல் வேறொருவரைக் கேட்டபோது ஆண்களின் பயிர்வேலைகூடக் காணாமல் போனது. இது வெளியானது 2011ல். பின்னர் அதே நாட்டில் இன்னொரு பரிசோதனை: கிழமைக்குக் கிழமை கேட்டதையும், பருவம் முடிந்தபின் மொத்தமாக ஞாபகப்படுத்திக் கேட்டதையும் ஒப்பிட்டால், மொத்தமாகக் கேட்ட இடத்தில் ஓர் ஆள் ஒரு காணியில் உழைத்த மணித்தியாலம் நான்கு மடங்குவரை கூடிவிட்டது. அதாவது கேள்வி எப்படியோ நாடு அப்படி. கடைசியில் உலக வங்கியும் சர்வதேச தொழில் தாபனமும் சேர்ந்து இலங்கைக்கே வந்து, பழைய முறைக் கேள்வியையும் புதிய முறைக் கேள்வியையும் வைத்து ஆண் பெண் உழைப்பை எப்படி அளப்பது என்று சோதித்துப் பார்த்து அறிக்கையும் போட்டன. வியாதி தெரியும், மருந்து தெரியும், மருந்துக்குச் செலவாகும் என்பதும் தெரியும். நீண்ட வினாக்கொத்துக்கு நேரம் வேண்டும், பெண்ணிடம் பெண் போய் அவளுடைய மொழியில் கேட்க வேண்டும், இரண்டாம் தடவை நடக்க வேண்டும். அந்தக் காசு இல்லை.

வேறு எதற்குக் காசு இருக்கிறது? 'பெண்களைத் தொழிற்படைக்குள் கொண்டுவருவது எப்படி' என்ற மாநாட்டுக்கு இருக்கிறது. இலங்கைப் பெண்களில் மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார் என்ற எண்ணைத் திரையில் பெரிதாகப் போட்டு, மகாவலி தெரியும் ஹோட்டல் மண்டபத்தில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, கல்வி பெற்றும் பெண்கள் ஏன் வீட்டில் சோம்பியிருக்கிறார்கள் என்று கவலைப்படுவார்கள். பண்பாட்டுத் தடை என்பார் ஒருவர். மனப்பாங்கு மாற்றம் என்பார் இன்னொருவர். பத்தரை மணிக்குத் தேநீர் இடைவேளை வரும். அந்தத் தேயிலையைப் பறித்தவர், அந்த மண்டபத்தைக் கூட்டியவர், மாநாட்டுக்கு வந்த அம்மணிகளின் பிள்ளைகளைக் கண்டியிலும் கொழும்பிலும் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறவர் எல்லோரும் எங்கள் லயத்துப் பெண்கள். அவர்களை எங்கே கொண்டுவரப் போகிறீர்கள்? அவர்கள் உள்ளேதான் நிற்கிறார்கள். தட்டை ஏந்திக்கொண்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

வாசகர்களிடம் எனக்கு ஒரேயொரு கோரிக்கை. அளவீட்டுக்காரர் உங்கள் வீட்டுக்கும் வருவார். அவரைத் திட்ட வேண்டாம், அவரும் அன்றாடம் எத்தனை வீடு முடித்தார் என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்டும் கூலியாள்தான். ஆனால் அம்மாவைப் பற்றி அப்பா பதில் சொல்ல விடாதீர்கள். நீங்களும் சொல்லாதீர்கள். "அவங்க பின்னால இருக்காங்க, அவங்ககிட்டயே கேளுங்க" என்று கூட்டிக்கொண்டு போங்கள். வேலை செய்தீர்களா என்று கேட்டால் என் அம்மாவே இல்லை என்றுதான் சொல்வார், அறுபத்துநாலு வருஷமாக அப்படித்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். காலையில் எழும்பியதிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். டெப்பில் அதற்கு இடமில்லை என்றால், இடமில்லை என்று எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

இதை எழுதி முடித்த அன்று பின்னேரம் சித்தி கோல் எடுத்தார். மடுவத்தில் தண்ணிக்கென்று இரண்டு கிலோ கழித்துவிட்டார்களாம். அவருக்கு அரைப் பேர். எங்கள் பக்கம் மழை பெய்து அன்றைக்கு ஒன்பது நாள்.